தரகர் மூடாத டேப்புகள்

திண்டுக்கல்லில் ஒரு பூட்டுக் கடையின் மாடியில் அமலோற்பவம் டீச்சர் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுத்து வந்தார். அவருடைய வகுப்பில் பாடத்திட்டம் கிடையாது, பரீட்சை கிடையாது. யார் எதைக் கேட்கிறார்களோ அதற்கு மட்டும்தான் பதில். அந்தப் பதிலும் வாயால் வருவது அபூர்வம். கேட்டவர் கையிலிருந்து மவுசை வாங்குவார், ஒன்று செய்து காட்டுவார், திருப்பிக் கொடுத்துவிடுவார். புரிந்தவர்கள் கும்பிட்டுவிட்டுப் போனார்கள். புரியாதவர்கள் மறுநாளும் வந்தார்கள்.

டீச்சருக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. சீடர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள். அவர்களில் ஒருவர் கல்யாணத் தரகர் சுந்தரவதனம்.

தரகர் முதன்முதலில் வந்தபோது கேட்ட கேள்வி சின்னது.

"கல்யாண வெப்சைட்டுல ஒரு பையன் பேரை அமுக்குனா அவன் பக்கம் வருது டீச்சர். ஆனா நான் பார்த்துட்டு இருந்த பக்கம் காணாமப் போயிருது. ரெண்டும் இருக்கணும்னா என்ன செய்யணும்?"

டீச்சர் மவுசை வாங்கினார். பையனின் பெயர் மேல் அம்பை வைத்து, நடுவில் இருக்கும் சக்கரத்தை ஒரு தடவை அமுக்கினார். பையன் திரையின் மேல் வரிசையில் முளைத்த ஒரு புது டேப்பில் போய் உட்கார்ந்துகொண்டான். பார்த்துக்கொண்டிருந்த பக்கம் அசையவில்லை.

"அடேங்கப்பா!" என்றார் சுந்தரவதனம்.

"இருங்கண்ணே, இதுல இன்னும் இருக்கு."

"இது போதும் டீச்சர், இது போதும்!"

டீச்சர் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு பாதிப் படி இறங்கியிருந்தார். அரைப் பாடத்தோடு போகிற சீடர்களிடம்தான் வேகம் அதிகம்.

அதன் பிறகு அவர் மாதக்கணக்கில் மாடிப் பக்கம் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மத்தியானம் மவுஸ் வாலாகத் தொங்க, லேப்டாப்பைக் கைக்குழந்தை மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றார். லேப்டாப்பின் மூடியில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. உள்ளே காற்றாடி, சட்னி அரைக்கிற மிக்ஸியைப் போலக் கத்திக்கொண்டிருந்தது.

"டீச்சர், இன்னும் நிறைய டேப் வைக்கிறதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

டீச்சர் திரையைப் பார்த்தார். மேல் வரிசையில் டேப்புகள் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை நெருக்கியடித்து நின்றன. எதிலும் பெயர் தெரியவில்லை. ஒவ்வொன்றும் சீவிய பாக்கு அகலத்துக்கு மெலிந்து போயிருந்தது.

பக்கத்துக் கம்ப்யூட்டரில் ஜாக்கெட் டிசைன் பார்த்துக்கொண்டிருந்த டெய்லர் ஹபீபா எட்டிப் பார்த்தார். தரகருக்கும் அவருக்கும் நீண்ட நாள் பழக்கம்; அவருடைய தங்கைக்கு வரன் முடித்து வைத்தவரே தரகர்தான்.

"என்ன அண்ணே இது, பேன் சீப்பா?"

"சிரிக்காதம்மா. அத்தனையும் மாப்பிள்ளைங்க."

"யாருக்கு?"

"கோதைக்கு."

பூங்கோதை அவருடைய ஒரே மகள். நத்தத்தில் கால்நடை மருத்துவர். நாலு வருஷமாக அப்பா அவளுக்கு வரன் பார்க்கிறார். மாவட்டத்தில் பாதிக் கல்யாணத்தை நடத்தி வைத்த மனிதரின் சொந்த மகளுக்கு இன்னும் ஆகவில்லை என்பதில் ஊருக்கு ஒரு சந்தோஷம் உண்டு. தரகருக்கு அது நெஞ்சில் முள். ஆனால் அவளுக்குக் கல்யாணத்தில் வெறுப்பெல்லாம் கிடையாது. அப்பா ஒவ்வொரு முறையும் ஒரு கூட்டத்தையே கொண்டுவந்து காட்டுவார், அவள் லேப்டாப்பைத் தள்ளி வைத்துவிட்டு மாட்டுக்கு ஊசி போடக் கிளம்பிவிடுவாள்.

போன வாரம் அவள் முடிவாகச் சொல்லிவிட்டாள். அதை அவர் அப்படியே ஒப்பித்தார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். ஒரே ஒரு ஆளைச் சொல்லுங்க, உக்காந்து கேக்குறேன். ரெண்டாவது பேர் உங்க வாயில வந்துச்சுன்னா, இந்தப் பேச்சை இனிமே நம்ம வீட்டுல யாரும் எடுக்கக் கூடாது. இப்படிச் சொல்லிட்டா டீச்சர். நாளைக்குக் காலையில வந்துருவா."

"ஒருத்தரைத்தானே கேட்டிருக்காங்க?"

"ஆமா."

"அப்ப எதுக்கு இன்னும் டேப்?"

சுந்தரவதனம் நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஒருத்தன் இன்னும் திறக்காத டேப்புல இருந்துட்டான்னா?"

ஹபீபா வாயைப் பொத்திக்கொண்டு ஜாக்கெட்டுக்குத் திரும்பினார்.

"வேண்டாததை மூடலாமே அண்ணே" என்றார் டீச்சர்.

"எதை அமுக்கி மூடறது?"

டீச்சர் திறந்திருந்த டேப்பின் ஓரத்தில் இருந்த சின்னப் பெருக்கல் குறியைக் காட்டினார். தரகர் இரண்டு கண்ணையும் பொத்திக்கொண்டார்.

இதற்குக் காரணம் இருந்தது. அவருடைய அப்பாவும் தரகர். வந்த ஜாதகம் பொருந்தவில்லை என்றாலும் அதன்மேல் கோடு கிழிக்கக் கூடாது, குறுக்கே அடிக்கக் கூடாது, ஓரத்தில் மஞ்சள் தடவி மரியாதையாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அந்தக் குடும்பத்தின் தொழில் முறை. ஒரு ஜாதகத்தின் மேல் பெருக்கல் போடுவது அந்தப் பிள்ளையின் வாழ்க்கை மேலேயே போடுவது மாதிரி. சுந்தரவதனம் அதில் ஒரு இம்மி பிசகியதில்லை. திரையில் மஞ்சள் தடவ முடியாது என்பதால் மூடியில் தடவினார். பெருக்கல் குறி பக்கம் விரலைக் கொண்டுபோனதே இல்லை. ராத்திரி அணைத்தாலும் காலையில் அத்தனையும் திரும்பி வந்து நிற்கும்படி லேப்டாப் கடைக்காரனிடம் சொல்லிச் செய்து வாங்கியிருந்தார்.

"ஊரார் பெத்த பிள்ளைங்க மேல பெருக்கல் போடச் சொல்றீங்களே டீச்சர். நியாயமா?"

டீச்சர் கையை நீட்டினார். மவுசை வாங்கினார். ஓரத்தில் இருந்த ஒரு டேப்பின் மேல் அம்பை வைத்தார். சக்கரத்தை அமுக்கினார்.

டேப் மறைந்தது.

"எங்க போனான்?"

"மூடியாச்சு."

"பெருக்கல்?"

"தொடவே இல்ல."

சுந்தரவதனம் மவுசைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அன்னைக்குத் திறந்துச்சே, அதே சக்கரமா?"

"அதேதான். பேர் மேல அமுக்கினா திறக்கும். டேப் மேல அமுக்கினா மூடும்."

"இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

"சொல்லத்தான் வந்தேன். நீங்க படியில இருந்தீங்க."

தரகர் பயந்து பயந்து ஒரு டேப்பின் மேல் அம்பை வைத்தார். "நல்லா இருங்க தம்பி" என்று சொல்லிச் சக்கரத்தை அமுக்கினார். தம்பி போனார். அடுத்த டேப் தானாகவே நகர்ந்து அம்புக்கு அடியில் வந்து நின்றது. கையை அசைக்க வேண்டிய அவசியமே இல்லை. அம்பு நின்ற இடத்தில் அந்தத் தம்பியின் பெயர் ஒரு சின்னப் பெட்டியில் தெரிந்தது.

"அட, வரிசையில வந்து நிக்கிறாங்க!"

அப்புறம் அவரைப் பிடிக்க முடியவில்லை. நல்லா இருங்க தம்பி, சௌக்கியமா இருங்க தம்பி, அம்மாவைக் கேட்டதாச் சொல்லுங்க தம்பி என்று ஒவ்வொருவரையும் வழியனுப்பினார். இவன் ஏற்கெனவே கல்யாணம் ஆனவன், இவன் ரெண்டு தடவை இருக்கான், இவன் இந்த டேப்புக்குள்ளயே கிழவனாயிட்டான் என்று சொல்லிச் சொல்லி அமுக்கினார். அம்பை வரிசையைவிட்டுக் கொஞ்சம் கீழே இறக்கியதும் மிச்சமிருந்த டேப்புகள் விரிந்தன. பெயர்களின் முதல் எழுத்து தெரிந்தது, பிறகு பாதிப் பெயர் தெரிந்தது. மிக்ஸிச் சத்தம் அடங்கியது. அவர் முகம் நல்ல முகூர்த்த நாளில் இருப்பதுபோல இருந்தது.

திடீரென்று எழுந்து நின்றுவிட்டார்.

"ஐயையோ! பழனி டாக்டர்!"

"என்ன ஆச்சு?"

"வேகத்துல அவரையும் அமுக்கிட்டேன். டீச்சர், போச்சு! டாக்டருக்கு டாக்டர், அவ்வளவு பொருத்தமா இருந்தாரு. நல்லாயிருங்கன்னுகூட சொல்லலை."

டீச்சர் வரிசையின் ஓரத்தில் டேப் இல்லாத வெற்றிடத்தில் வலது பக்கப் பொத்தானை அமுக்கினார். ஒரு சின்னப் பட்டியல் விரிந்தது. அதில் 'மூடிய டேப்பைத் திற' என்பதைத் தொட்டார். பழனி டாக்டர் போன இடத்துக்கே வந்து உட்கார்ந்தார்.

சுந்தரவதனம் மெதுவாக நாற்காலியில் சாய்ந்தார்.

"மூடினா போயிராதா?"

"போயிராது."

"இத்தனை மாசமா இதுக்கா பயந்தேன்?"

டீச்சர் எழுந்து ஹபீபாவின் டிசைனைப் பார்க்கப் போனார். திரும்பி வந்தபோது தரகர் வெற்றிடத்தில் வலது பக்கத்தை அமுக்கி அமுக்கி, போனவர்களை ஒவ்வொருவராகத் திரும்ப அழைத்துக்கொண்டிருந்தார். டேப்புகள் மறுபடியும் மெலியத் தொடங்கியிருந்தன.

ஹபீபாவுக்குத் தாங்கவில்லை. "என்ன அண்ணே இது! வழியனுப்பி வச்சவங்களை எல்லாம் பஸ் ஸ்டாண்டுக்குப் போயித் திரும்பக் கூட்டிட்டு வர்றீங்களே."

"இல்லம்மா, கடைசியா ஒரு தடவை பார்த்துக்கலாம்னு..."

"என் தங்கச்சிக்கு எத்தனை பேரைக் காட்டினீங்க?"

"ஒருத்தரைத்தான். வாணியம்பாடிப் பையன்."

"ஏன் ஒருத்தரை மட்டும் காட்டினீங்க?"

"ரெண்டு பேரைக் காட்டினா புத்தி அலைபாயும்மா. தரகன்னா நல்லாப் பார்த்து ஒண்ணைக் கொண்டுபோய் வைக்கணும். இதுதான்னு சொல்லணும். அப்பத்தான் அவங்களுக்குத் தெம்பு வரும்."

சொல்லி முடித்ததும் அவருக்கே கேட்டது. மவுசின் மேல் இருந்த கை அப்படியே நின்றது.

டீச்சர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார். அவசரப்படவில்லை.

"ஊரான் பொண்ணுன்னா தைரியமா இருக்கு டீச்சர்" என்றார் சுந்தரவதனம். குரல் இறங்கியிருந்தது. "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கிரகம், நேரம்னு எதையாவது சொல்லித் தேத்திடுவேன். இவகிட்ட அப்படிச் சொல்ல முடியுமா? இவனைக் கட்டிக்கோன்னு நான் கையைக் காட்டி, அது சரியில்லாமப் போச்சுன்னா? அதனாலதான் எல்லாரையும் அவ முன்னாடி கொட்டிட்டு நான் தள்ளி நின்னுக்கிட்டேன்."

சொன்னதும் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அவர் முயலவில்லை.

டீச்சர் பழனி டாக்டரின் டேப்பை முன்னால் கொண்டுவந்து காட்டினார்.

"இவர் யாரு?"

"அனுஷம், ரெண்டாம் பாதம். நல்ல உயரம். சொந்த ஆஸ்பத்திரி. அப்பா இல்ல, அம்மா இருக்காங்க."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, அவ்வளவுதான். பக்கம் முடிஞ்சு போச்சே."

"அண்ணே, இந்தச் சக்கரம் எதுக்கு இருக்கு?"

"திறக்கிறதுக்கு" என்றார் தரகர். பிறகு பெருமையாக, "மூடறதுக்கு" என்று சேர்த்துக்கொண்டார்.

டீச்சர் ஆள்காட்டி விரலால் சக்கரத்தை உருட்டினார்.

பக்கம் மேலே நகர்ந்தது. கீழே இன்னும் எழுத்து இருந்தது. பழனி டாக்டர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: கல்யாணத்துக்குப் பின் மனைவி வேலைக்குப் போக வேண்டிய அவசியம் இல்லை, வீட்டையும் அம்மாவையும் பார்த்துக்கொண்டால் போதும்.

சுந்தரவதனம் அதை இரண்டு முறை படித்தார். கோதை மாட்டுக் கொட்டகையில் முழங்கை வரை உறை போட்டுக்கொண்டு நிற்கும் தோரணை அவர் கண்முன் வந்திருக்க வேண்டும்.

"நல்லா இருங்க டாக்டர்" என்று சொல்லி அமுக்கினார்.

அதற்குப் பிறகு அவர் வேகமாகப் போகவில்லை. ஒவ்வொரு டேப்பிலும் விரலை வைத்து அடிவரை உருட்டினார். மேலே இருந்த படமும் சம்பளமும் போன பிறகு கீழே மனிதர்கள் இருந்தார்கள். ஒருவன் எல்லாம் அம்மா முடிவு என்று எழுதியிருந்தான். ஒருவன் ஒன்றுமே எழுதவில்லை, வெறும் புள்ளி வைத்திருந்தான். ஒருவன் வெளிநாடு போக பாஸ்போர்ட், விசா எல்லாம் தயாராக வைத்திருப்பவள் வேண்டும் என்று கேட்டிருந்தான். தரகர் எவரையும் திட்டவில்லை. வழக்கம்போல வாழ்த்திச் சக்கரத்தை அமுக்கினார்.

வடமதுரைக்காரன் ஒருவன் டேப்புக்கு வந்தபோது முதலில் உதட்டைப் பிதுக்கினார். "தீனதயாளன். பள்ளிக்கூடத்துல டிராயிங் வாத்தியார். உயரம் அவளும் இவனும் ஒண்ணு. சம்பளமும் சுமார்தான்." விரல் அமுக்கப் போனது, ஆனால் பழகிவிட்டதால் உருட்டியது.

அடியில் இப்படி இருந்தது:

'வீட்டில் மூன்று ஆடுகளும், கால் ஒடிந்த ஒரு நாயும் இருக்கின்றன. இவற்றை விற்றுவிடு, விரட்டிவிடு என்று சொல்லாத பெண்ணாக இருந்தால் போதும். சமையல் எனக்கு வரும்.'

சுந்தரவதனம் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டார். ஹபீபா எழுந்து வந்து அவர் தோளுக்கு மேலாகப் படித்தார். படித்துவிட்டு, "யா அல்லா" என்று மட்டும் சொன்னார்.

"டீச்சர், இவனை மட்டும் தனியா வைக்க முடியுமா? இந்த நெரிசல்ல வேண்டாம்."

டீச்சர் மவுசை வாங்கவில்லை. "நீங்களே செய்யுங்க. டேப்பைப் பிடிச்சபடியே கீழ இழுத்து விடுங்க."

அவர் பிடித்து இழுத்தார். டேப் வரிசையிலிருந்து கழன்று அவர் கையோடு வந்து, தனி ஜன்னலாக விரிந்தது. தீனதயாளன் ஒரு ஆட்டின் கழுத்தில் கை போட்டுக்கொண்டு முழுத்திரையில் சிரித்தான். ஆடு அவனைவிடக் கம்பீரமாக இருந்தது.

நாளைக் காலை வரை காத்திருக்க அவரால் முடியவில்லை. அங்கேயே போனை எடுத்தார். மறுமுனையில் ஒரு கன்றுக்குட்டி கத்தும் சத்தம் கேட்டது.

"சொல்லுங்கப்பா, சீக்கிரம். கை ஈரமா இருக்கு."

"ஒருத்தன் இருக்கான்மா."

"ஒருத்தனா?"

"ஒருத்தன்தான்."

"மத்தவங்க எல்லாம்?"

"இவனைத்தான்மா சொல்றேன். நான் பார்த்துட்டேன். இவன்தான்."

அவளுக்கு அப்பாவின் இந்தக் குரல் தெரியும். ஊரார் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவர் இப்படிப் பேசுவதைச் சின்ன வயதிலிருந்து கேட்டிருக்கிறாள். தன் வீட்டில் கேட்டதில்லை.

"படிங்க" என்றாள்.

அவர் நட்சத்திரம் சொல்லவில்லை, சம்பளம் சொல்லவில்லை. அடியில் இருந்ததை மட்டும் படித்தார்.

கன்றுக்குட்டி மறுபடி கத்தியது.

"எந்தக் கால்ப்பா?"

"என்னம்மா?"

"அந்த நாய்க்கு. முன்னங்காலா, பின்னங்காலா?"

"அது போடலையேம்மா."

"கேட்டுச் சொல்லுங்க. பின்னங்காலா இருந்தா லேட் பண்ணக் கூடாது. நம்பர் இருந்தா எனக்கே அனுப்புங்க, நானே கேட்டுக்கறேன்."

போன் வைக்கப்பட்டது.

சுந்தரவதனம் போனைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார், அழுதார், எது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. நாலு வருஷத்தில் எந்த மாப்பிள்ளையைப் பற்றியும் அவள் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஹபீபா தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்தார். அவர் பாதி குடித்து, பாதி சட்டையில் விட்டுக்கொண்டார்.

கொஞ்சம் நிதானம் வந்ததும் திரையைத் திரும்பிப் பார்த்தார். தீனதயாளனும் ஆடும் அப்படியே இருந்தார்கள்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"கேளுங்கண்ணே."

"இவன் எத்தனை நாளா இங்க இருக்கான்?"

டீச்சர் சிரித்தார்.

"நீங்க திறந்த அன்னையிலிருந்தே."